இனிப்புக்குள்ளே உப்பு! விருந்துக்கு வரும் பேரீச்சம்பழம்

இனிப்பான பழத்துக்குள் உப்பையும் மிளகையும் வைத்தால் எப்படி இருக்கும்?

முகத்தைச் சுளிக்க வேண்டாம். கொய்யாப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பது நம் ஊர் வழக்கம்தானே! தெருவில் விற்கும் அன்னாசித் துண்டிலும் உப்பும் காரமும் தூவுகிறார்கள். இனிப்போடு கொஞ்சம் உப்பு சேர்ந்தால் ருசி கூடும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும்.

அந்த ருசியை விருந்துக்குக் கொண்டுவரும் பண்டம் ஒன்று உண்டு. பேரீச்சம்பழத்தைக் கீறுவார்கள். கொட்டையை எடுப்பார்கள். கொட்டை இருந்த இடத்தில் பாலாடைக்கட்டியோ, உப்பிட்ட பாதாம் பருப்போ வைத்து மூடுவார்கள். அவ்வளவுதான்!

மேல்நாடுகளில் இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பார்கள். விருந்தாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போது தட்டில் வைத்து நீட்டுவார்கள். கத்தியும் கரண்டியும் தேவையில்லை. விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். முதலில் இனிப்பு தெரியும். பிறகு உப்பு தெரியும். கடைசியில் பருப்பு மொறுமொறுவென்று கடிபடும்.

ரோமாபுரியின் "வீட்டுப் பலகாரம்"

இது நேற்று வந்த பண்டம் அல்ல. ரோமாபுரியில் உண்டானது என்று சொல்லத்தக்க அளவுக்குப் பழையது.

லத்தீன் மொழியில் ஒரு பழைய சமையல் நூல் இருக்கிறது. "அப்பிசியஸ்" என்ற பெயரில் அது வழங்குகிறது. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன்பு தொகுக்கப்பட்டது. அதில் "வீட்டுப் பலகாரம்" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு குறிப்பு வருகிறது.

பேரீச்சம்பழத்தின் கொட்டையை நீக்க வேண்டும். உள்ளே பருப்பையோ, பொடித்த மிளகையோ அடைக்க வேண்டும். வெளியே உப்பைத் தடவ வேண்டும். காய்ச்சிய தேனில் போட்டுப் புரட்டி எடுக்க வேண்டும். இதுதான் ரோமர்களின் செய்முறை!

அந்த மிளகு எங்கிருந்து போயிற்று தெரியுமா? இந்தியாவிலிருந்துதான். சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு யவனர்களின் கப்பல்கள் வந்தன. பொன்னைக் கொடுத்துவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போயின. அகநானூறு இதைச் சொல்கிறது.

குதிரை மேல் சைத்தான்!

இங்கிலாந்துக்காரர்கள் இந்தப் பண்டத்துக்கு ஒரு வேடிக்கையான பெயர் வைத்தார்கள். "குதிரை மேல் ஏறிய சைத்தான்கள்" என்பது அந்தப் பெயர்!

உலர்ந்த பிளம்ஸ் பழத்தின் கொட்டையை நீக்கி, உள்ளே பாதாமோ வேறு ஏதாவதோ வைப்பார்கள். அதன்மேல் உப்பிட்ட பன்றி இறைச்சியை மெல்லிய நாடாபோல் சுற்றி, சூட்டில் வாட்டி எடுப்பார்கள். பழம் கறுப்பாக இருக்கும். அதனால்தான் சைத்தான்! பழத்துக்குப் பதிலாகக் கடல் சிப்பியின் சதையைச் சுற்றினால் அதற்கு "குதிரை மேல் ஏறிய தேவதைகள்" என்று பெயர்.

மொராக்கோ நாட்டில் வழக்கம் வேறு. அங்கே வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குப் பேரீச்சம்பழமும் பாலும் கொடுத்து வரவேற்பார்கள். பாதாமை அரைத்துப் பிசைந்து பழத்துக்குள் வைத்துக் கொடுப்பதும் உண்டு.

அழிவிலிருந்து தப்பிய பழம்

பூரணம் வைப்பதற்குப் பலரும் விரும்பும் பழம் "மெட்ஜூல்" என்ற பெரிய பேரீச்சை. சதை தடிப்பானது. தோல் மெல்லியது. இந்தப் பழத்தின் தாயகம் மொராக்கோ. ஒரு காலத்தில் இது பூண்டோடு அற்றுப் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியிருந்தது!

"பாயூத்" என்ற நோய் மொராக்கோவின் பேரீச்சை மரங்களைத் தாக்கியது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சைக் காளானால் வருவது இந்த நோய். வேர் வழியாக உள்ளே நுழையும். பச்சை ஓலை வெளுக்கும். பிறகு மரமே பட்டுப் போகும். "வெள்ளை" என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. சுமார் நூறு ஆண்டுகளில் மொராக்கோவில் ஒரு கோடி மரங்கள் வரை இந்த நோய்க்குப் பலியாயின. மெட்ஜூல் மரம் இந்த நோயைத் தாங்காது.

1927-ல் வால்டர் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கத் தாவர நிபுணர் மொராக்கோவுக்குப் போனார். பூதெனிப் என்ற பாலைவனச் சோலையில் நோய் தொடாத மெட்ஜூல் கன்றுகள் அவருக்குக் கிடைத்தன. மொத்தம் 11 கன்றுகள்!

கொட்டையை எடுத்துப் போயிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். பேரீச்சங்கொட்டையை நட்டால் தாய் மரத்தின் பழமே மறுபடி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பாதிக்குப் பாதி ஆண் மரமாகவும் போய்விடும். வாழைக்குப் போலவே, தாய் மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றை நட்டால்தான் அதே பழம் கிடைக்கும்.

கன்றுகள் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. நோய் கூடவே வந்திருந்தால் என்ன செய்வது? அதனால் நெவாடா மாநிலத்தில், வேறு பேரீச்சை மரங்கள் இல்லாத இடத்தில், தனியாக நட்டுக் காவல் காத்தார்கள். இரண்டு கன்றுகள் போயின. ஒன்பது பிழைத்தன. 1936-ல் அவை கலிபோர்னியாவில் உள்ள இண்டியோ என்ற ஊருக்குக் கொண்டுபோகப்பட்டன. இன்று அமெரிக்காவில் விளையும் மெட்ஜூல் பழங்கள் அந்த ஒன்பது கன்றுகளின் வம்சத்தில் வந்தவை.

வீட்டில் செய்வது எப்படி?

பத்துப் பேருக்கு, ஆளுக்கு இரண்டு வீதம் 20 பழங்கள் வேண்டும். மெட்ஜூல் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. பெரிதாகவும் மெத்தென்றும் உள்ள எந்தப் பேரீச்சம்பழமும் சரிதான். காய்ந்து சுருங்கிய பழம் வேண்டாம். கீறும்போது பிளந்துவிடும்.

பனீர் 100 கிராம், வறுத்த பாதாம் 20, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழத்தைத் துடைத்து, நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீற வேண்டும். இரண்டாகப் பிளந்துவிடக் கூடாது. கொட்டையை எடுத்துவிட வேண்டும். பனீரைக் கையால் நன்றாக மசித்து, உப்பும் மிளகும் சேர்த்துப் பிசைய வேண்டும். ஒரு பழத்துக்கு ஒரு சிறு தேக்கரண்டி அளவு போதும். பூரணத்தை வைத்து, அதன்மேல் ஒரு பாதாமை அழுத்திவிட்டு, பழத்தை விரலால் லேசாக மூட வேண்டும்.

ஆசைக்குப் பூரணத்தைத் திணித்தால் பழம் வாயைப் பிளந்துகொள்ளும், இனிப்பும் அமுங்கிவிடும். பழம் முக்கால், பூரணம் கால் என்பது நல்ல கணக்கு.

சூடாக வேண்டுமானால் தோசைக்கல்லில் இரண்டு சொட்டு நெய் விட்டு, ஒவ்வொரு பக்கமும் அரை நிமிஷம் வாட்டினால் போதும். அதற்கு மேல் வைத்தால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

ரோமர் முறையில் செய்ய விரும்புகிறவர்கள் பனீரை விட்டுவிடலாம். பாதாமும் ஒரு சிட்டிகை மிளகும் உள்ளே வைத்து, வெளியே உப்புத் தடவி, வாணலியில் சூடான தேனில் ஒரு நிமிஷம் புரட்டி எடுக்க வேண்டும்.

உப்பு செய்யும் மாயம்

உப்பு பட்டால் இனிப்பு ஏன் கூடுகிறது? 1997-ல் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் உப்பு வகை ஒன்றைச் சேர்த்தார்கள். கசப்பு அடங்கிற்று. அடங்கவே, அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வந்தது! உப்பு இனிப்பைச் சேர்ப்பதில்லை; இனிப்புக்கு வழி விடுகிறது.

கவனிக்க வேண்டியவை

கொட்டையைக் கணக்குப் பார்க்க வேண்டும். 20 பழம் என்றால் 20 கொட்டை வெளியே இருக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் விருந்தாளியின் பல் போய்விடும்!

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முழுப் பாதாம் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கும். அவர்களுக்குப் பருப்பை மாவாகப் பொடித்துச் சேர்க்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது.

பாதாம் போன்ற பருப்புகள் சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பழத்தைப் பார்த்தால் தெரியாது. ஆகவே தட்டை நீட்டும்போதே சொல்லிவிடுவது நல்லது.

பனீர் வைத்த பழம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. முன்கூட்டியே செய்தால் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கடைசியில் எடுக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும். மெட்ஜூல் பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 66 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு பெரிய பழத்திலேயே மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரை அடங்கிவிடும். உப்பு ருசி மேலே தெரிவதால் இனிப்பு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

தேவையான சாமான் ஐந்து. அடுப்பு மூட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பருப்பு முதல் நாளே வறுபட்டிருந்தால், விருந்தாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, ஊர் சேதி பேசுவதற்குள் ஒரு தட்டு தயாராகிவிடும்!