காலடியில் விழும் பிம்பம்

தேர்தல் முடிவுகளையோ புயலின் போக்கையோ தொலைக்காட்சியில் விவரிக்கின்ற தொகுப்பாளர், பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவர்களும் கொண்ட விசாலமான மண்டபமொன்றில் நிற்பதாக நமக்குத் தோன்றும் வேளையில், உண்மையில் அவரைச் சுற்றிப் பச்சைச் சாயம் பூசிய சுவரும் பச்சைத் தரையும் தவிர வேறொன்றும் இல்லை என்பது இப்போது பலரும் அறிந்த விஷயம். பச்சையை மட்டும் நீக்கி, மனித உருவத்தைத் தனியே பிரித்தெடுத்து, கணினி கற்பித்த காட்சியோடு இணைக்கும் இந்த வித்தை சினிமாவிலிருந்து வந்தது. 1959-இல் வெளியான ‘பென்-ஹர்’ படத்துக்காகப் பெட்ரோ விலாஹோஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் நீலத் திரையைக் கொண்டு வகுத்த முறை, இத்துறையின் அஸ்திவாரங்களுள் ஒன்று. ஆனால் உருவத்தைப் பிரித்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பச்சைத் தரையை அழிக்கும்போது, பளபளக்கும் மண்டபத் தரையில் அம்மனிதருக்கு இருந்திருக்க வேண்டிய பிம்பத்தையும் யாராவது புதிதாகச் சிருஷ்டித்துத் தந்தாக வேண்டும். தராவிட்டால், எவ்வளவு நேர்த்தியாக இணைத்திருந்தாலும், அவர் அந்தரத்தில் தொங்குவார்.

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை நம் கண் அந்தப் பொருளை மாத்திரம் பார்த்து நிச்சயிப்பதில்லை. டேனியல் கெர்ஸ்டனும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட பிரசித்தமான பரிசோதனையில், பெட்டிக்குள் நகரும் பந்தின் பாதையைச் சிறிதும் மாற்றாமல், அதன் நிழலின் பாதையை மட்டும் மாற்றினார்கள். நிழல் ஒட்டிச் சென்றபோது பந்து தரையோடு செல்வதாகவும், நிழல் விலகிச் சென்றபோது பந்து மேலே எழும்புவதாகவும் பார்த்தவர்களுக்குத் தோன்றிற்று. நிழலுக்குள்ள இந்த அதிகாரம், மெருகேற்றிய தரையில், பிம்பத்துக்கும் உண்டு. 2018-இல் ஃப்ளோரன்ஸ் சூறாவளியின்போது, கடல்நீர் 9 அடி வரை ஏறினால் என்ன ஆகும் என்பதைத் தொகுப்பாளரைச் சுற்றி உயரும் வெள்ளமாகவே அமெரிக்காவின் வெதர் சேனல் காட்டிற்றே, அத்தகைய காட்சி மக்களை எச்சரிக்க வேண்டுமானால், முதலில் அந்த மனிதர் அந்த இடத்தில்தான் நிற்கிறார் என்று கண் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உருவத்தைத் தலைகீழாகப் புரட்டிக் காலடியில் ஒட்டி, சற்றே மங்கச் செய்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. வெகு தூரத்தில் தாழ்வாக வைத்த கேமராவுக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் ஆடியின் தர்மம் வேறு. தரையில் தெரியும் பிம்பமாவது, கேமரா தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழத்தில் தரைக்கு அடியிலே இன்னொரு கேமராவை வைத்து, அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் கிடைக்கும் காட்சி. கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க, 1.7 மீட்டர் உயரமுள்ள தொகுப்பாளர் 5 மீட்டர் தூரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலேயுள்ள கேமரா அவர் முகத்தை ஏறக்குறைய நேருக்கு நேராகவே காண்கிறது. பாதாளத்துக் கேமராவோ அதே முகத்தைச் சுமார் 33 பாகைக் கோணத்தில் கீழிருந்து நோக்கி, மோவாயின் அடிப்பாகத்தையும், நீட்டிய கையின் கீழ்ப்புறத்தையும், நடக்கும்போது தூக்கிய பாதத்தின் உள்ளடியையும் காண்கிறது. இவையெல்லாம் நம்மிடமுள்ள படத்தில் பதிவாகவே இல்லை. இல்லாததைப் புரட்டி எப்படிப் பெறுவது?

பிம்பத்தின் பிரகாசத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தெப்பக்குளத்தின் படியில் நின்று காலடி நீரைக் குனிந்து பார்த்தால் அடியிலுள்ள படி தெரிகிறது. அதே நீரை எதிர்க்கரைப் பக்கமாக நோக்கினால் வானமும் கோபுரமுமே தெரிகின்றன. இதற்குரிய சமன்பாடுகளை வகுத்தவர், 1788 முதல் 1827 வரை வாழ்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரெனெல். சாதாரணக் கண்ணாடி, செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது; மேற்பரப்பை உரசினாற்போல் வரும் கிரணத்தையோ அநேகமாக முழுவதும் திருப்பிவிடுகிறது. மேலே சொன்ன உதாரணத்தில் தரை கண்ணாடியைப் போன்றது என்று கொண்டு கணக்கிட்டால், பாதங்களிலிருந்து வரும் ஒளியில் ஏறத்தாழ 22 சதவீதமும், தலையிலிருந்து வரும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதமுமே பிம்பமாகக் கேமராவை வந்தடையும். தரை சற்றுச் சொரசொரப்பாக இருந்துவிட்டாலோ, அதைத் தொட்டுநிற்கும் பாகத்தின் பிம்பம் தெளிவாகவும், தரையைவிட்டு உயர உயர மற்றப் பாகங்களின் பிம்பம் கலங்கியும் தெரியும். ஒரே சீராக மங்கவைத்த பிம்பம் பொய்யாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது தூரத்தை அறிவது. பெரும்பாலான மெய்நிகர் ஸ்டூடியோக்களில் தொகுப்பாளரின் படத்தை ஒரு மெல்லிய திரையில் ஏற்றி, அத்திரையைக் கற்பனை மண்டபத்தின் நடுவே நிறுத்தி, பிம்பத்தைக் கணினியே கணக்கிட்டுக்கொள்ள விடுகிறார்கள். அவர் 5 மீட்டரிலிருந்து ஓரடி பின்வாங்கி, மேலும் நகர்ந்து 6 மீட்டருக்குச் சென்றுவிட, திரை மட்டும் பழைய ஸ்தானத்திலேயே நின்றுவிட்டால், அவருடைய பாதங்கள் தரைக்கு மேல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கணினி கருதிக்கொண்டு, பிம்பத்தைத் தரைக்குக் கீழ் அவ்வளவே தாழ்த்தி வரைந்துவிடுகிறது. காலுக்கும் பிம்பத்துக்கும் இடையே இவ்வாறு ஒரு பள்ளம் விழுந்த மாத்திரத்தில், மண்டபம் முழுவதுமே பொய்யாகிவிடுகிறது. கேமராவின் நிலையும் லென்ஸின் கோணமும் துல்லியமாகத் தெரிந்திருந்தால், படத்தில் பாதம் தொடும் புள்ளியிலிருந்து ஒரு கோட்டை நீட்டி, அது தரையைச் சந்திக்கும் இடமே அவர் நிற்கும் இடம் என்று அறிந்துகொள்ளலாம். அவர் குதித்தாலொழிய இந்த எளிய யுக்தி பிசகுவதில்லை.

இவ்வளவு கணக்கையும் முடிக்கக் கிடைக்கும் அவகாசமோ, நொடிக்கு 50 ஃபிரேம் ஓடும் ஒளிபரப்பில், ஒரு ஃபிரேமுக்கு 20 மில்லி செகண்டுதான். கிரணங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பிம்பங்களை வரையும் ரே டிரேசிங் முறையைப் பற்றி 1980-இல் எழுதிய டர்னர் விட்டட், ஒரே ஒரு படத்தை வரைய 74 நிமிடம் பிடித்தது என்று குறித்திருக்கிறார். 2018 முதல், இதற்கென்றே தனி உறுப்புகள் அமைந்த கிராபிக்ஸ் கார்டுகள் கடைகளுக்கு வந்துவிட்டன. அவையும், மெல்லிய திரையில் உள்ள படத்தைப் பிரதிபலிக்குமே தவிர, அதில் இல்லாத மோவாயின் அடிப்பாகத்தைப் படைத்துத் தரமாட்டா. பச்சைத் தரையையே மெருகேற்றி நிஜமான பிம்பத்தைப் படம்பிடிக்கலாம் என்றால், மேலேயுள்ள விளக்குகளின் வெண்மையும் அதில் விழுந்து பச்சையை வெளுக்கச் செய்துவிடும். அந்த மினுக்கத்தைப் போலராய்ட் வடிகட்டியால் ஓரளவே குறைக்க முடியும். பின்னணியை எல்.இ.டி. சுவரில் காட்டும் ஸ்டூடியோக்களுக்கு இச்சங்கடம் இல்லை. அங்கே தரை நிஜமானது, பிம்பமும் நிஜமானது.

பச்சைத் திரையை நம்பியிருக்கும் நிலையங்களுக்கு என் அபிப்பிராயம் இது: பளிச்சென்று ஜொலிக்கும் தவறான பிம்பத்தைக் காட்டிலும், முழங்காலுக்கு மேல் மங்கி மறைந்தாலும் பாதத்தைவிட்டு இம்மியும் விலகாத பிம்பமே சிலாக்கியமானது. கற்பனை மண்டபத்தின் தூண்களுக்கும் விதானத்துக்கும் செலவிடும் சிரத்தையில் ஒரு பங்கையாவது, தொகுப்பாளரின் கால் தரையைத் தொடும் அந்த ஓரிடத்துக்கு அவர்கள் ஒதுக்க வேண்டும்.