எண்ணெய்ப் பரு

சிங்காரப்பேட்டையிலிருந்தும் ஊத்தங்கரை வட்டத்துச் சிற்றூர்களிலிருந்தும் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை நாடிச் செல்கின்றனர். கடைசல் பொறியின் முன் நின்று உழைக்கும் ஒருவருக்குச் சில மாதங்களில் முன்கையிலும் தொடையிலும் பரு எழுந்தால், "வயசுக் கோளாறு, தானாப் போயிடும்" என்று வீட்டார் தேற்றுவர். அந்தத் தேறுதல் அவருக்குத் தீங்கே செய்யும். வயதின் பரு வேறு, தொழிலின் பரு வேறு.

வயதின் பருவை மருத்துவம் ஆக்னே வல்காரிஸ் என்கிறது. நெய்ச்சுரப்பிகள் செறிந்த முகம், மார்பு, முதுகு ஆகியவையே அதன் இடங்கள். ஆண்ட்ரோஜன் இயக்குநீர்களின் தூண்டலால் சுரப்பிகள் பருத்து நெய் மிகுகிறது. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாயிலை அடைக்கின்றன. அவ்வடைப்பே காமிடோன். வாய் மூடியிருந்தால் வெண்முனை, திறந்திருந்தால் கருமுனை. கருமுனையின் கருமை அழுக்கன்று. மெலனின் நிறமியும் காற்றுப்பட்டு மாறிய நெய்யும் தரும் நிறம் அது. சோப்பிட்டு எத்துணை தேய்த்தாலும் அது போகாது, தோல்தான் புண்ணாகும். அடைபட்ட குழியினுள், உயிர்வளி குன்றிய சூழலில், கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி அழற்சியை மூட்டுகிறது. சீழற்ற சிறு செம்புடைப்பு பாப்யூல். சீழ் கோத்தால் பஸ்டியூல். ஆழத்தில் திரண்டு, 5 மில்லிமீட்டரைக் கடந்து வலிப்பது நோட்யூல். மருத்துவச் சீட்டில் காணும் இச்சொற்களைக் கொண்டே மருந்து மாறுகிறது. காமிடோன் மட்டும் உள்ளவருக்கு அடாபலீன் போன்ற பூச்சே பெரும்பாலும் போதும். நோட்யூல் கண்டவருக்கோ ஆழ்ந்த தழும்பு விழுமுன் உட்கொள்ளும் மருந்து தேவைப்படும்.

இனித் தொழிலின் பரு. உலோகத்தைக் கடையும்போது சூட்டையும் உராய்வையும் தணிக்கக் கட்டிங் ஆயில் ஊற்றுவர். நீரில் கலவாத கனிம எண்ணெய் தெறித்துச் சட்டைக் கையிலும் காற்சட்டையிலும் ஊறுகிறது. ஊறிய துணி உராயுமிடமெல்லாம் மயிர்க்கால்கள் அடைபடுகின்றன. முன்கையிலும் தொடையின் முன்புறத்திலும் கருமுனைகள் கூட்டமாய்த் தோன்றி, இடையிடையே சீழ்க்கொப்புளங்கள் எழும். இதுவே எண்ணெய்ப் பரு. எண்ணெய் துடைத்த வேஸ்ட் துணியைப் பையில் செருகிக்கொள்ளும் பழக்கமே தொடைப் பருவுக்குப் போதிய காரணம். நீரில் கலக்கும் கூலண்ட் பெரும்பாலும் பருவைத் தருவதில்லை. அது கைகளை வறட்டி, வெடிக்கச்செய்து, அரிக்கும் தோலழற்சியைத் தருகிறது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்றன் மருந்து மற்றதற்கு ஆகாது. எண்ணெய்ப் பருவுக்கு முதல் மருந்து பொறிக்குத் தெறிப்புத் தடுப்பும் நாள்தோறும் துவைத்த உடையும்தான். கையைக் கெரசினாலோ தின்னராலோ கழுவுவது கேட்டை இரட்டிக்கும்.

தொழில் தரும் பருக்களில் கொடியது, குளோரின் கலந்த சேர்மங்களால் வரும் குளோராக்னே. 1899-இல் இதனை விரித்துரைத்தவர் பிராங்க்ஃபர்ட் நகரத்துத் தோல் மருத்துவர் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர். தொழிலாளர் துயரை நுணுகிக் கண்ட அப்பெருமகனாரை, யூதராய்ப் பிறந்ததற்காக, நாசிகள் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினர். 1942-இல் அங்கேயே மாண்டார். 1976 சூலையில் இத்தாலியின் செவெசோ நகரருகே வேதியாலையிலிருந்து டையாக்சின் என்னும் நஞ்சு பரவியபோது குழந்தைகளின் கன்னங்களில் எழுந்ததும் இந்நோயே.

பருவென்று வருவோர்க்கு மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் பூச்சு, நம் நாட்டில் இன்னொரு நோயையே படைத்துவிட்டது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் முதலிய ஸ்டீராய்டுகள் சில நாள் முகத்தை வெளுப்பாகவும் தெளிவாகவும் காட்டும். பின்னர்த் தோல் மெலியும், குருதி நாளங்கள் சிவந்து தெரியும், ஒரே அளவான பருக்கள் பரவும். நிறுத்தினால் எரிச்சல் பொறுக்க இயலாது. மேற்பூச்சு ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008-இல் இந்நிலைக்குப் பெயரிட்டனர். 2018-இல் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. ஆயினும் திருமணத்துக்கு முன் வெளுக்கவேண்டும் என்று அவற்றைத் தேடும் பெண்களை எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது.

எண்ணெய்ப் பருவுக்குச் சட்டமும் தனியிடம் தந்துள்ளது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்படவேண்டிய நோய்களாக ஈய நஞ்சும் கல்நார் நோயும் நின்ற வரிசையிலேயே எண்ணெய்ப் பருவும் நின்றது. அந்நோயுற்ற தொழிலாளியைக் காணும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுதவேண்டும் என்று அச்சட்டத்தின் 89-ஆம் பிரிவு பணித்தது. எனவே சிங்காரப்பேட்டை இளைஞர் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ செல்லும்போது பருவை மட்டும் காட்டினால் போதாது. தாம் நிற்கும் பொறியையும், பீப்பாயின் மேல் எழுதியுள்ள எண்ணெயின் பெயரையும் சொல்லவேண்டும். சீட்டில் வயதுப் பரு என்று எழுதப்பட்டால் அவருக்கு ஒரு களிம்பு கிடைக்கும். எண்ணெய்ப் பரு என்று எழுதப்பட்டால், அதே பொறியில் அடுத்த ஷிப்டில் நிற்பவரையும் காக்க ஆய்வாளர் வருவதற்கு வழி பிறக்கும்.