கேமரன் மலையில் மறைந்த போர்வீரர்: மர்மத்தைவிடப் பெரிய பாடம்

கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்றுவரும் மாணவர்கள் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படங்களோடு ஒரு கதையையும் கொண்டுவருவார்கள். "இங்கேதான் ஒரு வெள்ளைக்காரர் நடக்கப் போனார், திரும்பி வரவே இல்லை" என்பதுதான் அந்தக் கதை. அவர் எப்படி மறைந்தார் என்பதைப் பலரும் பேசுகிறார்கள். அவர் எப்படி வாழ்ந்தார், உலக அரசியலை எப்படிப் பார்த்தார் என்பதை யாரும் பேசுவதில்லை. நமக்குப் பயன்படுவது அதுதான்.

அவர் பெயர் ஜிம் தாம்சன். 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தில் சேர்ந்து, அமெரிக்க உளவுப் படையான ஓஎஸ்எஸ் பிரிவில் இடம்பெற்றார். வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பிரான்ஸ் எனப் பல களங்களைக் கண்டபின் ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார். இலங்கையிலும் இருந்தார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் பேங்காக் சென்று சேர்ந்தார்.

அதே போரில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. ஆகவே தாம்சன் கண்ட போர் நமக்கு அந்நியமான போர் அல்ல. நம் கொள்ளுத்தாத்தாக்களின் போரும் அதுவே.

*வாக்குறுதியும் நடைமுறையும்*

1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். தங்களை யார் ஆள வேண்டும் என்பதை மக்களே தீர்மானிக்கலாம் என்றது அது. ஆனால் அடுத்த மாதமே, இது முக்கியமாக நாஜிகள் பிடித்துவைத்துள்ள ஐரோப்பிய நாடுகளைப் பற்றியது என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொன்னார். மலாயாவும் இந்தியாவும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

தாம்சனைப் போன்ற சில அமெரிக்க வீரர்கள் அந்த வாக்குறுதியை ஆசியாவுக்கும் உரியதாக நம்பினார்கள். பேங்காக்கில் லாவோஸ், வியட்நாம் விடுதலை இயக்கத்தினரோடு தாம்சன் பழகினார். பிரெஞ்சு ஆட்சி மீண்டும் வருவதை அவர்கள் எதிர்த்தார்கள். தாய்லாந்தில் ஜப்பானியரை மறைமுகமாக எதிர்த்த சுதந்திர தாய் இயக்கத்தின் தலைவர் பிரிடி பனோம்யோங் மீதும் அவருக்குப் பெருமதிப்பு இருந்தது.

காலம் வேறு திசையில் திரும்பியது. 1947 நவம்பரில் இராணுவப் புரட்சி பிரிடியின் அணியை வீழ்த்தியது. 1949 மார்ச்சில் நான்கு முன்னாள் அமைச்சர்கள் போலீஸ் காவலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிசத்தைத் தடுப்பதே முதல் வேலை என்று முடிவெடுத்த அமெரிக்கா, தாய்லாந்தின் இராணுவ ஆட்சியாளர்களை ஆதரித்தது. இந்தோசீனாவில் பிரான்சின் போருக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது.

இது தவறான பாதை என்று தாம்சன் கருதினார். ஆசிய மக்கள் கேட்பது விடுதலை. அதைக் கம்யூனிசச் சதி என்று மட்டுமே பார்த்தால் நண்பர்களும் பகைவர்களாவார்கள் என்பது அவர் பார்வை. சொந்த நாட்டின் கொள்கையைக் குறைகூறியதால் அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் சந்தேகத்துக்கும் ஆளானார்.

*தறியில் கண்ட வழி*

1946-இல் இராணுவத்தை விட்ட அவர், 1948-இல் பட்டு நிறுவனம் தொடங்கினார். பேங்காக்கின் பான் குருவா பகுதியில் வாழ்ந்த சாம் முஸ்லிம் நெசவாளர்கள் தங்கள் வீட்டிலேயே, தங்கள் தறியிலேயே நெய்தார்கள். மறைந்துகொண்டிருந்த அந்தத் தொழில் உலகச் சந்தைக்குப் போனது. அவரைத் 'தாய்லாந்துப் பட்டு மன்னர்' என்று உலகம் கொண்டாடியது. ஒரு நாட்டுக்கு உதவ ஆயுதம் மட்டுமே வழியல்ல என்பதற்கு அது கண்முன் இருந்த சான்று.

அவர் குறையற்றவர் அல்லர். உளவுப் பணியில் இருந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தும் தாய்லாந்து மொழியைச் சரளமாகப் பேசக் கற்கவில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளோடு வளரும் நமக்கு அவரிடம் இல்லாத ஒரு சாவி கையில் இருக்கிறது.

*அந்த ஞாயிறு*

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. வியட்நாமில் அமெரிக்கப் படையினர் எண்ணிக்கை நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்த நேரம். 61 வயது தாம்சன் கேமரன் மலையில் நண்பர்களின் 'மூன்லைட்' பங்களாவில் தங்கியிருந்தார். பிற்பகலில் மற்றவர்கள் ஓய்வெடுத்தபோது வெளியே நடந்தார். சிகரெட்டை வைத்துவிட்டே போயிருந்தார். போலீசார், வீரர்கள், ஓராங் அஸ்லி வழிகாட்டிகள் என நூற்றுக்கணக்கானோர் நாள்கணக்கில் காட்டைச் சலித்தார்கள். போமோக்களும் வந்தார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. 1974-இல் அவர் இறந்ததாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

புலி அடித்தது, லாரி மோதியது, உளவாளிகள் கடத்தினார்கள், கம்யூனிஸ்டுகள் பிடித்தார்கள் என்று அன்று முதல் இன்றுவரை கதைகள் குறையவில்லை. எதற்கும் சான்று இல்லை. ஆனால் அவர் அரசியல் பற்றிய செய்திகளுக்குச் சான்று உண்டு. சான்று இல்லாததைத்தான் நாம் அதிகம் பரப்புகிறோம்!

மாணவர்களே, இன்றும் ஒரு நாட்டில் போர் என்றதும் நம் புலனக் குழுக்களில் காணொலிகள் குவிகின்றன. பகிரும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது தெரிந்த உண்மையா, ஊகமா? அங்கே வாழும் மக்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? நமக்குப் பிடித்த நாட்டுக்கும் பிடிக்காத நாட்டுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறோமா?

மூன்றாவது கேள்விதான் கடினமானது. தாம்சன் அதைச் சொந்த நாட்டை நோக்கியே கேட்டார். அடுத்த முறை கேமரன் மலை ஏறும்போது, அவர் எந்தப் பாதையில் தொலைந்தார் என்று தேட வேண்டாம். அவர் கேட்ட கேள்வியை நாமும் கேட்கத் துணிவோமா என்று யோசிப்போம்.