பழைய அச்சுக்குப் புது மவுசு

நமது பில் புத்தகத்தில் உள்ள வரிசை எண்ணை விரலால் தடவிப் பாருங்கள். மற்ற விவரங்கள் எல்லாம் ஆஃப்செட்டில் ஓடினாலும், பல அச்சகங்களில் அந்த எண்ணை மட்டும் பழைய லெட்டர்பிரஸ் இயந்திரத்தில்தான் அடிக்கிறார்கள். தாளில் லேசான பள்ளம் தெரியும். இந்தப் பள்ளத்துக்குத்தான் அமெரிக்காவில் தனி விலை கொடுக்கிறார்கள்!

மேடான எழுத்தில் மை தடவி, தாளை அழுத்தி எடுப்பது லெட்டர்பிரஸ். எழுத்து பின்பக்கம் புடைத்துவிட்டால் பழைய அச்சகக்காரருக்கு அது அவமானம். ஈய எழுத்தும் சீக்கிரம் தேய்ந்துவிடும். தொட்டும் தொடாமலும் அடிப்பதே தொழில் சுத்தம். ஆஃப்செட் வந்தபின் இந்தத் தொழில் படுத்துவிட்டது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நிறுவனம் தன் சிறிய லெட்டர்பிரஸ் இயந்திரத் தயாரிப்பை 1985-ல் நிறுத்தியது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின.

1990-களில் காற்று திசை மாறியது. மார்த்தா ஸ்டூவர்ட்டின் திருமண இதழில் லெட்டர்பிரஸ் அழைப்பிதழ்கள் இடம்பெற, பணக்கார வீட்டார் அதையே கேட்டார்கள். கனத்த பஞ்சுத் தாள், ஆழமான அழுத்தம். நேற்றுவரை குறையென்று வாடிக்கையாளர் திருப்பியது, இன்று அவரே கேட்டு வாங்கும் சரக்கு!

இன்றைய வடிவமைப்பாளர்கள் பலர் எழுத்துக் கோப்பதில்லை. கம்ப்யூட்டரில் வரைந்து, பாலிமர் பிளேட்டாக மாற்றி, பழைய இயந்திரத்தில் பொருத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தாள் ஒருமுறை தனியாக ஓட வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

பழைய சரக்கை வைத்தே பிழைத்த கடை ஒன்று உண்டு. நாஷ்வில் நகரில் ஹாட்ச் சகோதரர்கள் 1879-ல் தொடங்கிய ஹாட்ச் ஷோ பிரிண்ட். சர்க்கஸ், நாடகம், பாட்டுக் கச்சேரி என்று மர எழுத்திலும் மரக்கட்டைப் படத்திலும் போஸ்டர் அடித்த அச்சகம். 1952-ல் வில் ஹாட்ச் மறைந்தபின் கை மாறி மாறித் தள்ளாடியது. அந்த மரக்கட்டைகளை விறகுக்குப் போட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். யாரும் போடவில்லை. 1992-ல் ஓர் இசை அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. அவர்களும் கட்டைகளைக் கண்ணாடிக்குள் பூட்டாமல், அவற்றிலேயே புதிய ஆர்டர்களை அடித்தார்கள். 2013-ல் இசை அருங்காட்சியகக் கட்டடத்துக்கு இடம் மாறியது. வருகிறவர்கள் அச்சடிப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு போஸ்டரும் வாங்கிப் போகிறார்கள்.

மளிகைக் கடை நோட்டீஸ் ஐயாயிரம் வேண்டுமென்றால் ஆஃப்செட்டே கட்டுப்படியாகும், அதில் சந்தேகமில்லை. நூறு விசிட்டிங் கார்டு, பரிசுப் பெட்டிக்கு ஒரு சீட்டு என்றால் பழைய முறையையும் விசாரிக்கலாம்.

உங்கள் ஊரில் இன்னும் டிரெடில் மெஷின் ஓடுகிறதா? அப்பா காலத்தில் கடைப் பெயருக்குச் செய்த பிளாக் அங்கே ஏதாவது மூலையில் கிடக்கக்கூடும். பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் ஒருமுறை கேட்டு வாருங்கள்.