வேனுக்குச் சூரியத் தகடு: கூரையிலா, தரையிலா?

தைப்பூசத்திற்குச் சுங்கைப் பட்டாணிக்கோ பினாங்குக்கோ வேனில் சென்று, இரவு அதிலேயே படுத்துறங்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. விசிறிக்கும் விளக்குக்கும் சூரியத் தகடு வாங்கினால், கூரையில் பொருத்துவதா, மடித்து எடுத்துச் செல்வதா?

ஐரோப்பாவில் வெயில் சாய்ந்து விழுகிறது. தகட்டையும் சாய்த்து வைக்க வேண்டியிருப்பதால் அங்கே மடக்குத் தகட்டுக்கு மதிப்பு. நம் கெடாவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 6 பாகைதான். கூரையில் படுக்க வைத்தாலும் இழப்புச் சொற்பமே.

நிழல்தான் எதிரி. குழாயை ஓரிடத்தில் மிதித்தால் தண்ணீர் முழுதும் சுருங்குமல்லவா? அப்படியே, ரப்பர்க் கிளையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் பெரிதும் குறையும். பிள்ளைகளுக்காக வேனை மர நிழலில் நிறுத்தினால் கூரைத் தகடு தூங்கிவிடும். மடக்குத் தகட்டையோ வெயிலில் விரிக்கலாம். ஆனால் மாலை மழைக்கு ஓடி எடுக்கவும், களவு போகாமல் காக்கவும் ஓர் ஆள் வேண்டும். திருவிழாவில் அந்த ஆள் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தாம்!

100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 300 வாட்-மணி தரும். 20 வாட் விசிறி இரவில் 10 மணி நேரம் சுழல 200 போதும். ஓடும்போதே பெட்டரியை நிரப்பும் கூரைத் தகட்டையே நாம் விரும்புகிறோம். நாள் முழுதும் நிழலில் நிற்கும் வேனுக்கு மட்டும் மடக்குத் தகடு. கூரையில் பொருத்தும்போது அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். தகடு சூடேறினால் மின்சாரம் குறையும்.