சின்ன ஹாலுக்கு ஹோம் தியேட்டர்: எதற்குச் செலவு செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

ஓடிடியில் படம் ஓடுகிறது. ஹீரோயின் மெல்லிய குரலில் ஏதோ சொல்கிறார், காதில் விழவில்லை. வால்யூமைக் கூட்டினால் அடுத்த நொடியே சண்டைக் காட்சி வந்து பக்கத்து ஃபிளாட் வரை அதிர்கிறது. ‘நல்ல ஹோம் தியேட்டரா வாங்கிடலாம்’ என்று கடைக்குப் போனால், “ஆயிரம் வாட்ஸ் சார், வீடே அதிரும்!” என்பார்கள். ஆனால், 10-க்கு 12 அடி அறையில் நம் பிரச்சினை சத்தம் போதாதது அல்ல. வசனம் தெளிவாகக் கேட்காதது. அதனால் பட்ஜெட்டைப் பிரிக்கும் விதமும் மாற வேண்டும்.

வாட்ஸை நம்பலாமா?

பெட்டியில் ‘பிஎம்பிஓ’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். தொடர்ந்து எவ்வளவு சக்தி தர முடியும் என்பதைச் சொல்வது ‘ஆர்எம்எஸ்’ கணக்குதான். அதிலும், வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு ‘டபுள்’ ஆகத் தெரிய சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆக, 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் கிடையாது. அதைவிட, ஸ்பீக்கரின் ‘சென்சிட்டிவிட்டி’ எவ்வளவு என்று கேளுங்கள். 87 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருந்தால் சின்ன அறைக்கு சாதாரண ஏவி ரிசீவரே தாராளம்.

முதல் காசு சென்டருக்கு

5.1 என்பதில் 5 என்பது சென்டர், இடது, வலது, பின்னால் இரண்டு சரவுண்ட், ‘.1’ என்பது சப்வூஃபர். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அதனால் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் இதுதான். இடது, வலது ஸ்பீக்கர்களும் அதே சீரிஸில் இருந்தால், குரல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகும்போது தொனி மாறாது.

சென்டரை டிவி அலமாரிக்குள் தள்ளி வைக்காதீர்கள். அலமாரி விளிம்பு வரை முன்னால் இழுத்து, உட்காருபவரின் காதை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். பட்ஜெட் இடித்தால் சென்டர், இடது, வலது, சப்வூஃபர் என 3.1 ஆகத் தொடங்கலாம். ஐந்து ஸ்பீக்கரையும் தாங்கும் ரிசீவராக வாங்கிவிட்டால், சரவுண்டை அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம்.

சப்வூஃபர்: சைஸை விட இடம் முக்கியம்

இந்த அளவு அறைக்கு 8 அல்லது 10 இன்ச் போதும். 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே எதிரொலித்து, இயல்பை விடப் பெரிதாகும். நாம் ‘கும்’மென்று கேட்பது பெரும்பாலும் அறையின் வேலைதான். மூலையில் வைத்தால் அது இன்னும் கூடும்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் சோஃபாவில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே பேஸ் குழறாமல் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் பலன் இருக்கும்.

ரிசீவரில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்றும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்துத் தொடங்கலாம். சின்ன ஸ்பீக்கர்கள் திணறும் கனத்த ஒலி அப்போது சப்வூஃபருக்குப் போய்விடும். கீழ் வீட்டுக்காரர் புகார் சொன்னால், அடியில் கனமான ரப்பர் மேட் போட்டால் தரை வழியாகப் போகும் அதிர்வு ஓரளவு குறையும். காற்று வழியாகப் போகும் பேஸை மேட் நிறுத்தாது. இரவு 10 மணிக்கு மேல் ரிசீவரின் ‘நைட் மோட்’தான் கைகொடுக்கும். அது பெரிய சத்தத்தை அடக்கி, சின்ன ஒலியைத் தூக்கிக் கொடுக்கும்.

கேபிளில் ஏமாறாதீர்கள்

வீட்டு லைட் வயரிங்குக்கு எலெக்ட்ரீஷியன் கேட்கும் அதே 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில் செம்பு ஸ்பீக்கர் ஒயர் போதும். 5 மீட்டர் தூரத்துக்கு அதன் மின்தடை, 8 ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் 2 சதவீதத்துக்கும் குறைவு. பல மடங்கு விலையுள்ள கேபிள் இதில் காதுக்குத் தெரியும் மாற்றத்தைத் தராது.

பார்க்க வேண்டியது அசல் செம்பா என்பதைத்தான். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரும் விற்பனையில் உண்டு. இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். மின்தடை அதிகம், மடக்கினால் சீக்கிரம் ஒடியும். மாட்டும்போது சிவப்பு சிவப்போடும், கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மாறினாலும் பேஸ் மெலிந்துவிடும்.

கடைக்குக் கிளம்பும் முன் டிவியின் பின்னால் ஒருமுறை பாருங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டில் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதியிருக்கிறதா? டிவியிலேயே உள்ள ஓடிடி ஆப்களின் 5.1 ஒலியை ரிசீவருக்குக் கொண்டுபோக ஏஆர்சி போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டோ, பெரிய ஷோரூமோ, எங்கே போனாலும் டெமோவில் குண்டு வெடிக்கும் காட்சியைத்தான் போடுவார்கள். இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சி ஒன்றை உங்கள் போனில் எடுத்துப்போய், அதைப் போடச் சொல்லுங்கள். வால்யூமைக் கூட்டாமல் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தால், அந்த செட்டுக்கு விலை பேசலாம்.