நரம்பின் மதகை அடைக்கும் மீன்

1774-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். பசிபிக் சமுத்திரத்தில் நியூ காலடோனியாத் தீவின் கரையில் காப்டன் குக்கின் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. தீவுவாசிகளிடம் வாங்கிய மீன் ஒன்றின் ஈரலையும் சினையையும் குக்கும், உடன் சென்ற சாஸ்திரிகளான ஃபார்ஸ்டர் தந்தை மகன் இருவரும் சற்றே ருசி பார்த்தார்கள். விடியற்காலையில் கைகால்கள் மரத்துப்போயின. நீர் நிறைந்த குவளையும் பறவை இறகும் குக்கின் கைக்கு ஒரே கனமாகத் தோன்றினவாம்! மூவரும் பிழைத்தார்கள், மீனின் குடலைத் தின்ற பன்றி பிழைக்கவில்லை.

அது பேத்தை மீனின் இனம். அபாயம் வந்தால் உடலைப் பந்துபோல் ஊதிக்கொள்ளுமே, அதுதான். அதன் விஷத்துக்கு 1909-இல் ஜப்பானிய ரஸாயனி தஹாரா இட்ட பெயர் டெட்ரோடோடாக்ஸின். சமைத்தாலும் அழியாது. ஓரிரண்டு மில்லிகிராம் ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

அது செய்வதென்ன? நரம்பைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிடுவது எங்களைப் போன்ற உபாத்தியாயர்களின் வழக்கம். உண்மையில் அதை மதகுகள் நிறைந்த வாய்க்கால் என்பதே பொருந்தும். நரம்பிழைக்கு வெளியே உப்பின் கூறாகிய ஸோடியம் மிகுதி, உள்ளே குறைவு. ஒரு மதகு திறந்ததும் ஸோடியம் உள்ளே பாய்கிறது. அதனால் எழும் மின்மாறுதல் அடுத்த மதகைத் திறக்கிறது. இப்படி மதகுக்கு மதகு நகர்வதே நரம்பின் செய்தி. ஒவ்வொன்றும் திறந்திருப்பது ஒரு வினாடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான்.

பேத்தையின் விஷம் வெளிப்புறமிருந்து இம்மதகின் வாயில் தக்கைபோல் அடைத்துக்கொள்கிறது. நரம்பு சாவதில்லை, சிதைவதுமில்லை. செய்தி மட்டும் நின்றுவிடுகிறது. டோஷியோ நரஹாஷியும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் சிங்கி இறாலின் நரம்பில் சோதித்து 1964-இல் இதை வெளியிட்டார்கள். பொட்டாஸியம் செல்லும் வழியை விஷம் தீண்டவில்லை. இரண்டுக்கும் வழி வெவ்வேறு என்பதற்கு இவ்விஷமே சாட்சியாயிற்று.

உண்டவனுக்கு முதலில் உதடும் நாக்கும் மரக்கும். பிறகு கைகால் ஓயும். கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். கொடுமை யாதெனில், விஷம் மூளைக்குள் எளிதில் புகுவதில்லை. ஆகவே அசைவற்றுக் கிடப்பவன் பெரும்பாலும் பக்கத்தில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். 1975-இல் ஜப்பானின் பிரசித்த காபுகி நடிகர் எட்டாம் பாண்டோ மிட்ஸுகோரோ, கியோடோ நகரில் இம்மீனின் ஈரலை விரும்பி உண்டு மாண்டார்.

இதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் அடைபட்ட மதகு நாளடைவில் தானே திறந்துகொள்ளும்; விஷம் சிறுநீரில் கழிந்துவிடும். அதுவரை யந்திரத்தினால் மூச்சு ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவ்விதம் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறார்கள்.